யாழ்ப்பாணம் பத்துத் தட்டில்: தமிழில் தட்டச்சுப் பழகத் தொடங்குவோருக்கு

‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லைப் பாமினி என்ற விசைப்பலகை முறையில் அடிக்க 11 தட்டு வேண்டும். தமிழ்99 என்ற இன்னொரு முறையில் 10 போதும். ஆங்கில எழுத்தை வைத்து ஒலிபெயர்த்து அடிப்பவருக்கு, ழகரத்துக்கு இரண்டு எழுத்துக் கேட்கும் மென்பொருளாக இருந்தால், 12 தட்டும் ணகரத்துக்காக ஒரு சிஃப்ட்டும் பிடிக்கும். கையால் எழுதுகிறவர் இதையெல்லாம் எண்ணுவதில்லை. பேனை ஓடும், சொல் வந்துவிடும். தட்டச்சு நன்றாகப் பழகியவருக்கும் அப்படித்தான். 2014இல் அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், நிமிடத்துக்கு 70 சொல்லளவில் அடிக்கக்கூடியவர்களிடம் எழுத்தில்லாத விசைப்பலகைப் படமொன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 26 ஆங்கில எழுத்தில் சராசரியாக 15 அளவில்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். இடம் விரலுக்குத் தெரியும், கேட்டால் வாய்க்குத் தெரியாது. ஆகவே விசைப்பலகைப் படத்தை வாய்ப்பாடுபோல மனனம் செய்துவிட்டுப் பிறகு அடிக்கத் தொடங்கலாம் என்று காத்திருப்பது வீண்வேலை.

எழுதும் வரிசையா, ஒலிக்கும் வரிசையா?

ஆங்கிலத்தில் பழகுகிறவருக்குப் பெரும்பாலும் விசைப்பலகை ஒன்றுதான். தமிழில் பழகுகிறவர் விரலை வைப்பதற்கு முன் ஒரு முடிவு எடுக்கவேண்டும். அதைச் சரியாக எடுக்காமல் இரண்டு மாதம் பழகிவிட்டு முறையை மாற்றுகிறவர்கள் நிறைய.

பாமினி என்பது உண்மையில் ஓர் எழுத்துருவின் பெயர். யாழ்ப்பாணத்து அச்சகங்களிலும், போட்டோக் கொப்பி எடுத்து விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கொமியூனிகேசன் கடைகளிலும், பல கந்தோர்களிலும் நீண்ட காலம் அதுவே நிலைத்ததால், அதன் விசை ஒழுங்குக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. அந்த ஒழுங்கு தட்டச்சுப்பொறியின் வழி வந்தது. தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை அமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பக்கம் போனவர். 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்குவதுதான் அவர் முன்னிருந்த சிக்கல். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி விசையாகப் பிரிந்ததும், கு, து, பு போல உருவம் மாறும் எழுத்துக்கள் சிஃப்ட்டுக்கு ஏறியதும் அந்த நெருக்கடியால்தான்.

இந்த முறையில் எழுத்தைக் கை எழுதுகிற வரிசையிலேயே அடிப்போம். ‘கொக்குவில்’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அடுத்து க, புள்ளி, சிஃப்ட்டோடு கு, வ, விசிறி, ல, புள்ளி. மொத்தம் 10 தட்டு. கொப்பியில் எழுதிப் பழகிய கைக்கு இது இயல்பாக வரும்.

தமிழ்99 வேறு வழி. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த முறை அது. உயிரெழுத்தெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலக்கைக்கு. கொம்பு, கால் என்ற கணக்கே கிடையாது. ‘கொ’ என்றால் க, ஒ என்று இரண்டு தட்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டுமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அதனால் ‘அம்மா’ அ, ம, ம, ஆ என்ற நாலு தட்டோடு முடிகிறது. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளிலும் புள்ளி தானே வரும். ‘கொழும்பு’ இரண்டு முறையிலும் 7 தட்டுத்தான். ஆனால் பாமினியில் ழு, பு இரண்டுக்கும் சிஃப்ட் வேண்டும், தமிழ்99இல் ஒன்றுக்கும் வேண்டாம். ஒரு பந்தி முழுக்க அடித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் சின்னவிரலில் தெரியும்.

தானாக விழும் புள்ளியே புதியவரைக் குழப்புவதும் உண்டு. ‘நதி’ என்று நினைத்து ந, த, இ அடித்தால் திரையில் ‘ந்தி’ என்று நிற்கும். மென்பொருள் பழுதில்லை, இணைவிதி தன் வேலையைச் செய்கிறது. நடுவில் ஓர் அ போடவேண்டும்: ந, அ, த, இ. ‘மமதை’ என்பதற்கும் இதே மருந்து: ம, அ, ம, த, ஐ.

மூன்றாவது வழி ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்து அடிப்பது. கைத்தொலைபேசியில் நாலு வரிச் செய்தி அனுப்ப இது தாராளம். நாலு பக்கம் அடிக்க ஏற்றதல்ல. ல, ள, ழ, ந, ன, ண எல்லாவற்றுக்கும் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, இரட்டை எழுத்து என்று மனம் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் ஏறாததற்கு அதுதான் காரணம்.

எதைத் தெரிவது? முன்பு எதையும் பழகாதவர், குறிப்பாகப் பள்ளி மாணவர், தமிழ்99ஐ எடுக்கலாம். அச்சகத்திலோ ரைப்பிங் வேலைக்கோ போக நினைப்பவர் அங்கே எது ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். பெரும்பாலும் பாமினி ஒழுங்கு என்றே பதில் வரும். இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 என்ற 2008ஆம் ஆண்டுத் தரத்தில் உள்ளது ரெங்கநாதன் என்ற வேறொரு விசைப்பலகை ஒழுங்கு. அரச கணினிகளில் அதையும் காணலாம். இரண்டு முறையை ஒரே நேரத்தில் பழகுவது மட்டும் வேண்டாம். ஒரே விசையில் ஒரு விரலுக்கு இரண்டு எழுத்து ஞாபகம் இருந்தால் இரண்டும் தடுமாறும்.

பாமினி ஒழுங்கைத் தெரிந்தவர்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. விசை ஒழுங்கு வேறு, எழுத்துரு வேறு. பாமினி எழுத்துருவில் அடித்தது கணினிக்குள் ஆங்கில எழுத்தாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதை மின்னஞ்சலில் ஒட்டினாலோ தொலைபேசியில் திறந்தாலோ, ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குவியலாகத் தெரியும். தேடினாலும் அகப்படாது. என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளை நிறுவினால் அதே பாமினி ஒழுங்கில் விரலை வைத்து, எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோட்டில் அடிக்கலாம். தமிழ்99 விண்டோஸ் 10இலும் 11இலும் கூடவே வருகிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99ஐத் தெரிந்தால் சரி. பிறகு விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

விரல் நிற்கும் இடம்

எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளையும் தடவிப் பாருங்கள். சின்ன மேடொன்று தட்டுப்படும். கண்ணால் பார்க்காமல் சுட்டுவிரல்கள் தங்கள் வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் அது. இடச் சுட்டுவிரல் எஃப்பில், நடுவிரல் டியில், மோதிரவிரல் எஸ்ஸில், சின்னவிரல் ஏயில். வலச் சுட்டுவிரல் ஜேயில், மற்றவை கே, எல், அரைப்புள்ளி. இரண்டு பெருவிரலும் இடைவெளி விசைக்கு மேலே. எந்த விசைக்குப் போனாலும் விரல் திரும்பி இங்கே வரவேண்டும். எஃப்புக்குப் பக்கத்து ஜியும், ஜேக்குப் பக்கத்து எச்சும் சுட்டுவிரல்களுக்கே சேரும்.

பாமினியில் இந்த நடுவரிசை இடமிருந்து வலமாக ய, ள, ன, க, ப, கால், த, ம, ட, புள்ளி. தமிழ்99இல் அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, அதற்கப்பால் ய.

புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தமிழில் அடிக்கடி வேண்டியது அது. பாமினியில் வலச் சின்னவிரலுக்கு, அதாவது வலு குறைந்த விரலுக்கு, அது விழுந்திருக்கிறது. தமிழ்99இல் இடச் சுட்டுவிரலுக்கு. ஓலையில் எழுதிய காலத்தில் பெரும்பாலும் புள்ளியே குத்துவதில்லை, வாசிக்கிறவர் இடமறிந்து கொள்வார். இன்றைக்கு ஒரு பக்கம் அடித்தால் அதிகம் தேய்கிற விசைகளில் அதுவும் ஒன்று. பாமினியில் பழகுகிறவர்கள் சின்னவிரலுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கவேண்டியதும் இதனால்தான். இல்லாவிட்டால் மோதிரவிரல் அந்த வேலையைத் திருடிக்கொள்ளும், பிறகு ட வரும்போது இரண்டும் மோதும்.

தமிழ்99இல் இடக்கைக்கு ஒரு வசதி உண்டு. நெடில் பெரும்பாலும் குறிலுக்கு மேலேயே இருக்கும்: அவுக்கு மேல் ஆ, இக்கு மேல் ஈ, உக்கு மேல் ஊ, எக்கு மேல் ஏ. ஒவும் ஓவும் மட்டும் கீழ்வரிசையில் பக்கம் பக்கமாக. கிரந்த எழுத்துக்கள் சிஃப்ட்டோடு வரும்.

சிஃப்ட்டை எப்போதும் எதிர்க்கையால் பிடிக்கவேண்டும். பாமினியில் ‘து’ ஜே விசையில் இருக்கிறது, அது வலக்கை. ஆகவே சிஃப்ட் இடச் சின்னவிரலுக்கு. ‘கு’ எஃப்பில், எனவே சிஃப்ட் வலப்பக்கம். ஒரே கையால் இரண்டையும் பிடித்தால் கை முழுதும் வீட்டை விட்டு நகர்ந்துவிடும், அடுத்த மூன்று எழுத்தும் பிழையாக விழும். கூ, மூ இரண்டும் எண்வரிசையில் சிஃப்ட்டோடு இருப்பதால் பாமினிக்காரர் அவற்றைக் கடைசியாகப் பழகலாம்.

இருக்கை பற்றிக் கொஞ்சம். முழங்கை ஏறத்தாழ நேர்கோணத்தில் மடியும் உயரத்தில் விசைப்பலகை இருக்கட்டும். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் கதிரையும்தான் வழக்கமான சேர்க்கை. மேசை உயரம், கதிரை பதிவு, தோள் மேலே தூக்கும். கதிரையில் இன்னொரு கதிரையை அடுக்கினாலோ தடித்த தலையணை வைத்தாலோ சரிவரும். கால் தொங்கினால் கீழே ஒரு பெட்டி வையுங்கள். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி அடிக்கக்கூடாது. ஓய்வெடுக்கும்போது ஊன்றலாம்.

நாலு கிழமை

ஒருநாளைக்கு இரண்டு தரம், ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஒரேயடியாக இருந்து அடிப்பதைவிட இது மேல். விரல் களைத்தபிறகு அடிப்பதெல்லாம் பிழையைப் பழக்குவதுதான்.

முதல் கிழமை நடுவரிசையைத் தாண்டவேண்டாம். பாமினியில் படம், மனம், பயன், களம், தாளம், பட்டம், தாயகம், கட்டடம் எல்லாம் நடுவரிசைக்குள்ளேயே முடியும். தமிழ்99இல் அது, இது, எது, முகம், இதயம், அப்பம், அம்பு, புத்தகம். ‘புத்தகம்’ நல்ல பயிற்சிச் சொல்: ப வலச் சுட்டுவிரல், உ இட நடுவிரல், த இருமுறை வல மோதிரவிரல், க வலச் சுட்டுவிரல் பக்கத்துக்கு எட்டி, ம வல நடுவிரல், புள்ளி இடச் சுட்டுவிரல். ஏழு தட்டில் இரண்டு கையும் வேலை செய்கிறது. ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தரம், ஒரே தாளத்தில். தெரிந்த எழுத்தை ஓட்டமாகவும் தெரியாததைத் தேடியும் அடிப்பது தாளமல்ல. தெரியாத எழுத்தின் வேகத்துக்கு மற்றவற்றையும் குறைக்கவேண்டும்.

இரண்டாம் கிழமை மேல்வரிசை, மூன்றாம் கிழமை கீழ்வரிசை, நாலாம் கிழமை சிஃப்ட், எண், குறிகள். அதற்குப் பிறகு பத்திரிகையில் ஒரு பந்தியை வைத்து அடிக்கலாம். பத்திரிகை திரைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கவேண்டும். மேசையில் படுத்திருந்தால் கண் போகிற வழியில் விசைப்பலகையையும் பார்த்துவிட்டு வரும்.

விசைகளின்மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டுவது பலர் செய்யும் முதல் வேலை. அது கண்ணைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். விசைப்பலகைப் படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்து ஞாபகம் வராவிட்டால் தலை நிமிர்ந்து படத்தைப் பார்க்கட்டும். கைக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு பழகுவதும் பழைய முறைதான், வேலை செய்யும்.

வேகத்தை அளக்க உலகெங்கும் உள்ள கணக்கு, இடைவெளியையும் சேர்த்து 5 தட்டு ஒரு சொல். நிமிடத்துக்கு 150 தட்டு என்றால் 30 சொல். இந்தக் கணக்கில் ‘யாழ்ப்பாணம்’ ஒன்றே இரண்டு சொல்லாகும். ஆகவே தமிழ்ப் பந்தியில் உள்ள சொற்களை எண்ணி ‘நான் 15 சொல்தான் அடிக்கிறேன்’ என்று மனமுடையவேண்டாம், தட்டை எண்ணுங்கள்.

வேகத்துக்கு முன் சுத்தம். 100 தட்டில் 95 சரியாக விழும்வரை வேகத்தைக் கூட்டவேண்டாம். ஒரு பிழை ஒரு தட்டோடு போவதில்லை. அதைக் கவனிக்கவேண்டும், அழிக்கவேண்டும், திரும்ப அடிக்கவேண்டும், விட்ட தாளத்தைப் பிடிக்கவேண்டும். பயிற்சியின்போது அழிவிசையைத் தொடாமல் பந்தியை முடித்துவிட்டுப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். எந்த எழுத்தில் திரும்பத் திரும்ப வட்டம் விழுகிறது என்று தெரிந்தால், அடுத்த நாளைய பயிற்சிச் சொற்கள் தாமே கிடைத்துவிடும்.

இரண்டு விரலால் வேகமாக அடிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த ஆய்வொன்றில், முறையாகப் பழகாத சிலர் பத்து விரல்காரருக்கு ஈடாக அடித்தார்கள். அவர்களிடம் காணப்பட்ட ஒற்றுமை, ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே விரலைப் பயன்படுத்தியது. ஆகவே ஏற்கெனவே பழகிப்போன ஒருவர் எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பத் தொடங்கவேண்டியதில்லை. எழுத்துக்கு விரலை நிலைப்படுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பத்து விரலே சுருக்கமான வழி.

திரையில் சரியாகத் தெரிந்தும் பிழையாக இருக்கும் சில எழுத்துக்களையும் சொல்லவேண்டும். ‘ஔவையார்’ என்பதில் ஔ ஒரே எழுத்து. ஒ அடித்துப் பக்கத்தில் ள போட்டால் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடும்போது அகப்படாது. காலுக்குப் பதில் ர போடுவதும் இதே வகை. சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது ஒரு பெயர் மட்டும் எங்கோ போய் நின்றால், முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

பேனையை எங்கே வைத்துக்கொள்வது

ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். அந்தச் சுழிப்பு ‘அ’வுக்கு மட்டும் உரியது. ‘இ’ வேறு பாதை, ‘ஞ’ இன்னொரு பாதை. விசையில் எல்லா எழுத்தும் ஒரே அழுத்தல், இடம் மட்டும் வேறு. சின்னப் பிள்ளைகள் எழுத்தின் உருவத்தைப் பிடிக்க எழுதிப் பழகுவது நல்லது என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை. ஆகவே எழுத்துக் கூட்டி வாசிக்கும் பருவம் தாண்டும்வரை தட்டச்சுக்கு அவசரமில்லை.

வளர்ந்த மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள் அவ்வளவு நேராக இல்லை. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் அப்படியே இறக்கினார்கள், கருத்தைக் கேட்ட கேள்விகளில் பின்தங்கினார்கள். 2019இலும் 2021இலும் அதே ஆய்வை வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பின்னடைவு தெளிவாக வரவில்லை. 2024இல் நோர்வேயிலிருந்து வந்த மூளை அலை ஆய்வில் 36 மாணவர்களிடம் பேனைக்கு மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு அதிகம் தென்பட்டது. அதைப் பகிர்கிறவர்கள் பலர் சொல்லாமல் விடுவது, அங்கே தட்டச்சு ஒற்றைச் சுட்டுவிரலால் செய்யப்பட்டது என்பதை. பத்து விரலால் பழகியவரைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

இவற்றிலிருந்து எடுக்கக்கூடியது அளவானது. கையெழுத்து மெதுவானது. ஆங்கிலத்தில் வளர்ந்தவர் எழுதும் வேகம் நிமிடத்துக்கு 20 சொல்லை ஒட்டியே இருக்கும், பேச்சு 120 முதல் 150 வரை போகும். எல்லாவற்றையும் எழுத முடியாததால் எதை விடுவது என்று தெரிந்தாகவேண்டும். அந்தத் தெரிவுதான் படிப்பு. வேகமாக அடிக்கிறவரும் அதே தெரிவைச் செய்தால் குறையொன்றும் வராது. பெரும்பாலும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

ரியூசன் கொட்டிலில் குறிப்பு கையாலேயே எடுக்கலாம். கணக்கு, இரசாயனக் கட்டமைப்பு, வரைபடம் எல்லாம் பேனைக்கும் பென்சிலுக்குமே உரியவை, அவற்றை விசையில் தேடுவது நேர விரயம். அன்று மாலையே கொப்பியை மூடி வைத்துவிட்டு ஞாபகத்தில் இருப்பதைச் சொந்த வசனத்தில் ஒரு பக்கம் அடியுங்கள், பிறகு கொப்பியைத் திறந்து விடுபட்டதைச் சேருங்கள். பாடமும் மீட்டப்படும், 20 நிமிடத் தட்டச்சுப் பயிற்சியும் முடியும். கட்டுரை, செயற்றிட்ட அறிக்கை, விண்ணப்பக் கடிதம் போலத் திரும்பத் திரும்பத் திருத்தவேண்டியவை கணினிக்கு.

சாதாரண தரமும் உயர் தரமும் கையால்தான் எழுதவேண்டும். உயர் தரத்தில் மூன்று மணித்தியாலம் நீளும் வினாத்தாள் உண்டு. பல மாதம் தட்டச்சிலேயே இருந்த கை இரண்டாம் மணித்தியாலத்தில் நோகும், எழுத்துக் குலையும், வாசிக்கிற திருத்துநருக்குச் சிரமம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே கிழமைக்கு ஒரு பழைய வினாத்தாளை மணிக்கூட்டை வைத்து முழுதாகக் கையால் எழுதத் தொடங்கவேண்டும். அந்த மாதங்களில் தட்டச்சுப் பயிற்சியை நாளுக்குப் பத்து நிமிடமாகக் குறைத்தாலும் பழகிய விரல் மறக்காது.